1971க்கும் 1980க்கும் நடுவில் பாப்டிஸ்டுகளுக்கு என்ன ஆனது?

1971 ஜூன் மாதம், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் சதர்ன் பாப்டிஸ்ட் சபையின் வருடாந்தர மாநாடு கூடியது. அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு அது. பெரும்பாலும் தென்மாநில வெள்ளையர்கள். வேதாகமத்தை வரிக்கு வரி நம்புகிறவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். அந்த மாநாடு கருக்கலைப்பு பற்றி ஒரு தீர்மானம் போட்டது. பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பம், நெருங்கிய இரத்த உறவால் உண்டான கர்ப்பம், கருவில் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலமோ மனநலமோ கெடக்கூடும் என்று கவனமாக ஆராய்ந்து தெரிந்த நிலை ஆகியவற்றில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்கள் வரச் சபையார் பாடுபட வேண்டும் என்றது அந்தத் தீர்மானம். 

ஒன்பது வருடம் கழித்து, 1980 ஜூனில், அதே சபை அதே செயின்ட் லூயிஸில் கூடியது. இந்த முறை போட்ட தீர்மானம் நேர் எதிரானது. தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு கூடாது. அதைத் தடை செய்ய அரசியல் சாசனத்தையே திருத்தலாம் என்றது. நடுவில் பைபிளில் ஒரு வசனமும் கூடவில்லை, குறையவும் இல்லை.

அந்த ஒன்பது வருடத்தில் என்ன நடந்தது? வரலாற்றாசிரியர்கள் இன்னும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. தனிப்பட்ட மனமாற்றத்தையும் வேதாகமத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்டுகளை இவாஞ்சலிக்கல் என்பார்கள்; சதர்ன் பாப்டிஸ்டுகளும் அவர்களில் சேர்த்தி. வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர் என்றால் குடியரசுக் கட்சி, குடியரசுக் கட்சி என்றால் கருக்கலைப்பு எதிர்ப்பு. ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் மதம் அரசியலை ஆட்டிவைக்கிறது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அரசியல் அங்கே மதத்தை எவ்வளவு ஆட்டிவைத்திருக்கிறது என்பது அந்த அளவுக்கு எழுதப்படுவதில்லை. இரண்டாவதுதான் கூடுதல் சுவாரசியமான கதை என்பது என் எண்ணம்.

பாப்டிஸ்டுகளின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று புரியும். அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகும் சில மாநிலங்களில் அரசின் ஆதரவு பெற்ற சபை இருந்தது. கனெக்டிகட்டில் 1818 வரை, மாசசூசெட்ஸில் 1833 வரை காங்கிரிகேஷனல் சபைக்கு மக்களின் வரிப்பணம் போனது. வேறு சபையைச் சேர்ந்தவர்கள், ‘நான் இந்தச் சபைக்காரன் அல்ல’ என்று சான்றிதழ் காட்டி விலக்குக் கேட்டு அலைய வேண்டும். அப்படி அலைந்தவர்களில் பாப்டிஸ்டுகள் முக்கியமானவர்கள். (1816இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திய அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கம் மாசசூசெட்ஸில் இதே காங்கிரிகேஷனல்காரர்கள் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அவர்கள் அந்நிய ஆட்சியின் கீழ் அனுமதி கேட்டு வாழ்ந்த சிறு குழு. சொந்த ஊரிலோ அவர்களுடையதுதான் அரசுச் சபை.)

கனெக்டிகட்டின் டான்பரி பகுதி பாப்டிஸ்டுகள் இந்த நிலைமையைச் சொல்லி ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில்தான் ‘சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு மதில்’ என்ற புகழ்பெற்ற பேச்சு வருகிறது. அரசுப் பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று 1787இல் எழுதப்பட்ட சாசனத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது என்கிறது 1791இன் முதல் திருத்தம். இவற்றையெல்லாம் மற்ற சபையார் பலர் சந்தேகத்தோடு பார்த்தபோது, உரக்க வரவேற்றவர்கள் பாப்டிஸ்டுகள். ‘கடவுளின் கீழ் ஒரே தேசம்’ என்ற சொற்கள் தேசிய உறுதிமொழியில் ஏறியது 1954இல். ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது தேசிய வாசகம் ஆனது 1956இல். சோவியத் நாத்திகத்துக்கு எதிரே நிறுத்த எழுந்த ஐசனோவர் காலத்துச் சங்கதிகள் இவை. ஸ்தாபகத் தந்தையர் வைத்துவிட்டுப் போனவை அல்ல.

டபிள்யூ. ஏ. கிரிஸ்வெல் என்ற ஒருவரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தாலே இந்தக் கதையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். டல்லாஸ் நகரின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபைக்குப் பல பத்தாண்டுகள் பாஸ்டராக இருந்தவர். தென்மாநில பாப்டிஸ்டுகளில் அவரைவிடப் பெரிய பிரசங்கி அப்போது அரிது. 1956இல் தென் கரோலினா சட்டமன்றத்தில் போய், கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே இருப்பதுதான் சரி என்று பேசினார். 1960இல் கத்தோலிக்கரான ஜான் கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, போப்புக்குக் கட்டுப்பட்டவர் நாட்டை ஆள்வதா, மதில் என்ன ஆவது என்று கொதித்தார். அந்தக் கொதிப்பை அடக்கத்தான் கென்னடி அந்த செப்டம்பரில் ஹூஸ்டனுக்குப் போய்ப் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, சபை வேறு அரசு வேறு என்பதே என் கொள்கையும் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1968இல் சதர்ன் பாப்டிஸ்ட் தலைவராகத் தேர்வான சமயத்தில் கிரிஸ்வெல் தன் சபையின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தார். முன்பு பேசியதை விட்டுவிட்டார். 1973 ஜனவரியில் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக்கியபோது, அதை வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். பிள்ளை பிறந்து தாயிடமிருந்து பிரிந்த பிறகே அது தனி ஆள் ஆகிறது என்பது அப்போது அவர் சொன்ன காரணம். 1984இல் அதே டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. ரீகனின் அந்த மாநாட்டில் ஆசீர்வாத ஜெபம் செய்தவர் கிரிஸ்வெல். அந்த ஆண்டு தொலைக்காட்சிப் பேட்டியில், சபைக்கும் அரசுக்கும் நடுவே மதில் என்பதெல்லாம் ஏதோ ஓர் அவிசுவாசியின் கற்பனை என்றார்.

1960இல் மதிலுக்குக் காவல் நின்றவர் 1984இல் மதிலே இல்லை என்கிறார். இவரைப் பச்சோந்தி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் லட்சக்கணக்கானோர் அவரோடு சேர்ந்து அதே பாதையில் நடந்திருக்கிறார்கள். ஒரு கூட்டமே நகர்ந்திருக்கிறது என்றால் தனிமனித குணத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

1973க்கு முன்னால் கருக்கலைப்பு என்பது கத்தோலிக்கர் விவகாரம். எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கி நடத்தியவர்கள் அவர்களுடைய பிஷப்புகள். அதனாலேயே பாப்டிஸ்டுகளுக்கு அதில் ஒட்டுதல் இல்லை. கத்தோலிக்கர் ஒன்றைச் சொன்னால் நாம் எதிர்ப்பக்கம் என்பது பழைய வழக்கம். கட்சிகளும் இன்றிருப்பது போல இரு துருவமாக நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தி 1967இல் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். கருவிலிருக்கும் உயிருக்கும் உரிமை உண்டு என்று 1971இல் கடிதம் எழுதியவர் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி. ரோ தீர்ப்பு 7-2 என்று வந்தது. ஆதரித்த ஏழு நீதிபதிகளில் ஐவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளால் நியமிக்கப்பட்டவர்கள். எதிர்த்த இருவரில் ஒருவரை நியமித்தவர் ஜனாதிபதி ஜான் கென்னடி. வழக்கைத் தொடுத்த இரண்டு பெண் வழக்கறிஞர்களில் ஒருவரான லிண்டா காஃபி சதர்ன் பாப்டிஸ்ட் என்பது இன்றைக்கு யாருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

இவாஞ்சலிக்கல் தலைவர்கள் பின்னாளில் சொன்ன கதை எளிமையானது. நாங்கள் ஆத்தும ஆதாயம் மட்டுமே வேலை என்று அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்தோம். ரோ தீர்ப்பு எங்களைத் தட்டி எழுப்பியது என்பார்கள். வர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்க்கின் ஜெர்ரி ஃபால்வெல் இப்படிச் சொன்னவர்களில் முதன்மையானவர். 1965இல், மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தபோது, போதகர்கள் அரசியல்வாதிகளாக அழைக்கப்படவில்லை என்று பிரசங்கம் செய்தவரும் இவரேதான். 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, கோடிக்கணக்கானோரை வாக்குச்சாவடிக்கு அனுப்பப் புறப்பட்டார். ஆனால் ரோ தீர்ப்பு வந்தது 1973இல். கருக்கலைப்புக்கு எதிராக அவர் தனிப் பிரசங்கம் ஒன்று செய்தது 1978இல்தான். தட்டி எழுப்பப்பட்டவர் எழுந்திருக்க ஐந்து வருடம் ஏன் ஆயிற்று?

டார்ட்மவுத் கல்லூரியின் மத வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர் இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறார். அது வரி பற்றியது, அதற்குள்ளே நிறம் பற்றியது.

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், தெற்கில் பல இடங்களில் அது உண்மையில் நடைமுறைக்கு வந்தது 1969க்குப் பிறகு. வந்ததும் வெள்ளைப் பெற்றோர் அரசுப் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் ஓரிரு வருடங்களில் அரசுப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். புதிது புதிதாகத் தனியார் பள்ளிகள் முளைத்தன. அவற்றில் பலவற்றின் பெயரிலேயே ‘கிறிஸ்தவ’ என்று இருந்தது. இவற்றுக்குத் தர்ம ஸ்தாபனம் என்ற வகையில் வரிவிலக்கும் கிடைத்தது. நன்கொடை கொடுப்பவருக்கும், நம் ஊர் 80ஜி போல, வருமான வரியில் கழிவு உண்டு. அதாவது பிரிவினைப் பள்ளிக்கு மறைமுகமாக அரசே பணம் கொடுப்பதற்குச் சமம். ஹோம்ஸ் கவுண்டியின் கறுப்பினப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நிறம் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு இல்லை என்று 1971இல் தீர்ப்பானது.

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வருமான வரித்துறை தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பியது. 1971 வரை அங்கே கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. அதன் பிறகு திருமணமானவர்களை மட்டும் சேர்த்தார்கள். 1975இல் மற்றவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் வேறு இனத்தாரோடு காதலித்தால் வெளியேற்றம் என்று விதி வைத்தார்கள். வேதாகமமே இனக் கலப்பைத் தடுக்கிறது என்பது நிர்வாகத்தின் வாதம். 1976 ஜனவரியில் வரிவிலக்கு ரத்தானது. 1978இல் வருமான வரித்துறை இன்னும் ஒரு படி மேலே போய், பிரிவினை ஒழிந்த சமயத்தில் தொடங்கிய தனியார் பள்ளிகள் எல்லாம் போதுமான சிறுபான்மைப் பிள்ளைகளைச் சேர்த்திருப்பதைக் காட்ட வேண்டும் என்று விதிமுறை முன்மொழிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அடுத்த வருடம் காங்கிரஸ் தலையிட்டு, அந்த விதிக்குப் பணம் ஒதுக்க முடியாது என்று முடக்கியது.

பாஸ்டர்களுக்கு அரசியல் பலம் என்றால் என்ன என்று அந்தக் கடிதங்கள்தான் காட்டிக்கொடுத்தன. இதை முதலில் கண்டுகொண்டவர் பால் வெய்ரிச். அவர் பாப்டிஸ்ட் அல்ல, கிழக்குச் சபை மரபுக் கத்தோலிக்கர். ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற பெயரே அவர் வாயிலிருந்து வந்தது. இந்தப் பாஸ்டர்களை அரசியலுக்கு இழுக்க ஆபாசப் படம், பள்ளி ஜெபம், பெண்கள் சம உரிமைத் திருத்தம் என்று பலதையும் முயன்று பார்த்தும் ஒன்றும் எடுபடவில்லை; கடைசியில் அவர்களைக் கிளப்பியது பள்ளி வரிவிலக்கு என்று 1990இல் நடந்த ஒரு கூட்டத்தில் அவரே சொன்னதை நேரில் கேட்டதாக பால்மர் பதிவு செய்திருக்கிறார்.

பிரிவினைப் பள்ளிக்கு வரிவிலக்குக் கேட்டு ஊரைக் கூட்ட முடியாது. கோடிக்கணக்கான சாதாரண சபை மக்களை அசைக்க வேறு காரணம் வேண்டும். 1978 தேர்தலில் அது கையில் கிடைத்தது. ஐயோவாவில் தோற்கவே மாட்டார் என்று கருதப்பட்ட ஜனநாயகக் கட்சி செனட்டர் டிக் கிளார்க் தோற்றார். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, கோயில்களின் கார் நிறுத்துமிடங்களில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் துண்டுப் பிரசுரம் வைத்தது அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பால்மர் கதையின்படி, வெய்ரிச்சுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

கதை கச்சிதமாக இருக்கிறது. கொஞ்சம் அதிகக் கச்சிதம் என்பதுதான் எனக்குத் தயக்கம். தலைவர்கள் எப்படிக் கூடினார்கள் என்பதை அது நன்றாக விளக்குகிறது. சபையில் உட்கார்ந்திருந்த பெண்ணும் ஆணும் ஏன் மனம் மாறினார்கள் என்பதை விளக்கவில்லை. 1973இல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் ஏழரை லட்சம். 1980இல் அது 15 லட்சத்தைத் தாண்டியது. 1971 தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் மனதில் இருந்தது அபூர்வமான, துயரமான சில சந்தர்ப்பங்கள். இவ்வளவு பெருகும் என்று அவர்களில் பலர் நினைத்திருக்க மாட்டார்கள். பிரான்சிஸ் ஷேஃபர் என்ற இறையியலாளரும், பின்னாளில் ரீகன் அரசில் தலைமை மருத்துவ அதிகாரியான சி. எவரெட் கூப்பும் 1979இல் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்தி, கரு ஒரு மனித உயிர் என்று இவாஞ்சலிக்கல் சபைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். அதைக் கேட்டு உண்மையாகவே கலங்கி மனம் மாறியவர்கள் இருந்தார்கள். டேனியல் வில்லியம்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்தப் பக்கத்தை வலியுறுத்துகிறார்கள். கருக்கலைப்பு எதிர்ப்பு முழுக்க இனவெறிக்குப் போட்ட முகமூடி என்று சொல்வது அப்படி மனம் மாறியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டு தரப்பும் குறைவாகப் பேசும் இன்னொன்றும் உண்டு. 1979இல் ஹூஸ்டனில் நடந்த சதர்ன் பாப்டிஸ்ட் மாநாட்டில் ஏட்ரியன் ராஜர்ஸ் தலைவராகத் தேர்வானார். பால் பிரெஸ்லர் என்ற நீதிபதியும் பெய்ஜ் பேட்டர்சன் என்ற இறையியலாளரும் வருடக்கணக்கில் திட்டமிட்டு ஆள் திரட்டி, சபையின் தலைமையை மிதவாதிகளிடமிருந்து கைப்பற்றிய முதல் வெற்றி அது. தலைவர் கையில்தான் குழு நியமனம். குழுக்கள் கையில்தான் செமினரிகள், சபைப் பதிப்பகம் எல்லாம். 1980 தீர்மானம் வந்தது அதற்கு அடுத்த வருடம். ஆக ‘பாப்டிஸ்டுகள் மாறினார்கள்’ என்பதில் ஒரு பங்கு, பாப்டிஸ்டுகளின் பெயரில் பேசுகிறவர்கள் மாறினார்கள் என்பது. முந்தின தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எத்தனை பேர் மனம் மாறினார்கள், எத்தனை பேர் ஓரம் கட்டப்பட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு வழியில்லை. ஓரம் கட்டப்பட்டவர்களில் மிகப் பிரபலமானவர் பிளெய்ன்ஸ் ஊரில் சண்டே ஸ்கூல் நடத்திவந்த ஜிம்மி கார்ட்டர். 2000ஆம் ஆண்டில் அவர் சதர்ன் பாப்டிஸ்ட் உறவையே முறித்துக்கொண்டார்.

கார்ட்டர் கதைக்கு வருகிறேன். 1976இல், மறுபடியும் பிறந்தவன் நான் என்று வெளிப்படையாகச் சாட்சி சொன்ன சதர்ன் பாப்டிஸ்ட் ஒருவர் ஜனாதிபதியானார். இவாஞ்சலிக்கல்கள் பலர் அவருக்கு வாக்களித்தார்கள். நான்கே வருடத்தில், விவாகரத்து செய்து மறுமணம் புரிந்த, ஹாலிவுட் நடிகரான, கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திய ரீகனின் பக்கம் போனார்கள். 1980 ஆகஸ்டில் டல்லாஸ் அரங்கில் ஆயிரக்கணக்கான போதகர்கள் முன் ரீகன் சொன்ன வாசகம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நீங்கள் என்னை ஆதரித்து அறிவிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன். போதகர்கள் அறிவிக்க முடியாததற்குக் காரணமும் வரிதான். 1954இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வரிவிலக்கு வேண்டும் சபை எந்த வேட்பாளரையும் ஆதரித்துப் பேசக் கூடாது. அந்த வருடக் குடியரசுக் கட்சி அறிக்கையைப் புரட்டினால், கருக்கலைப்புக்கு எதிரான சாசனத் திருத்தமும் இருக்கிறது. தனியார் பள்ளிகள் மேல் கார்ட்டரின் வரித்துறை ஆணையர் தொடுத்த பழிவாங்கலை நிறுத்துவோம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. பாப் ஜோன்ஸின் விலக்கு ரத்தானபோது கார்ட்டர் பதவிக்கே வரவில்லை, ஜெரால்ட் ஃபோர்டின் ஆட்சி நடந்தது என்பதை அப்போது யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. ரீகன் அரசு 1982இல் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் 8-1 என்று பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய அந்த ஒருவர், வில்லியம் ரென்குவிஸ்ட், 1986இல் ரீகனால் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கலப்புக் காதலுக்கான தடையைப் பல்கலைக்கழகம் கைவிட்டது 2000இல்.

வேதாகம நம்பிக்கைதான் இந்த அரசியலை உண்டாக்குகிறது என்பவர்கள் பதில் சொல்லத் திணறும் இடம் கறுப்பினச் சபைகள். ஜெபம், வேத வாசிப்பு, இயேசுவே இரட்சகர் என்ற விசுவாசம், அடிக்கடி ஆராதனைக்குப் போவது என எந்தக் கணக்கெடுப்பிலும் கறுப்பினப் புராட்டஸ்டன்டுகள் வெள்ளை இவாஞ்சலிக்கல்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல. வாக்கோ தலைகீழ், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். காரணம் இரகசியமில்லை. அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில் 1845இல் பிரிந்து உண்டானதே சதர்ன் பாப்டிஸ்ட் சபை. அதற்காக அது மன்னிப்புக் கேட்டது 1995இல். பர்மிங்ஹாமில் 1963இல் குண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமிகள் இறந்ததும் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில்தான். கமலா ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ஹாரிஸ் சான்ஃபிரான்சிஸ்கோவின் மூன்றாம் பாப்டிஸ்ட் சபை உறுப்பினர் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2024 தேர்தலில் அவர் பாப்டிஸ்ட். எதிரே நின்ற ட்ரம்ப், எந்தச் சபைப் பிரிவையும் சேராத கிறிஸ்தவர் என்று 2020இல் தன்னைச் சொல்லிக்கொண்டவர். வெள்ளை பாப்டிஸ்டுகளிடம் அந்த உறவு ஹாரிஸுக்கு ஒரு வாக்கையும் கூட்டியதாகத் தெரியவில்லை.

ட்ரம்ப் காலத்தில் ஒரு கணக்கு பலரை அதிர வைத்தது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கக்கேடாக நடந்த ஓர் அரசியல்வாதி பொது வேலையில் நேர்மையாக இருக்க முடியுமா என்று பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டபோது, முடியும் என்ற வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். 2016இல் அதே கேள்விக்கு அதே பதில் சொன்னவர்கள் 72 சதவீதம். கிளின்டன் விவகாரம் நடந்த 1998இல், பொதுப் பதவியில் இருப்பவரின் ஒழுக்கம் முக்கியம் என்று தீர்மானம் போட்டது சதர்ன் பாப்டிஸ்ட் சபை. இதை வெறும் போலித்தனம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. யாரை ஆதரிக்கிறோமோ அவரை ஆதரிப்பதற்கு ஏற்றபடி ஒழுக்கம் பற்றிய எண்ணமே இடம் மாறிவிடுகிறது. மாறியது மாறியவருக்கே தெரிவதில்லை. எதிர்க்கட்சிக்காரர்களும் இதற்கு விலக்கல்ல, ஆனால் அவர்கள் ஒழுக்கத்தின் பெயரில் இயக்கம் கட்டியவர்கள் அல்ல.

பியூ ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு இதைவிட ஆழமாகப் போகிறது. 2016இல் தங்களை இவாஞ்சலிக்கல் என்று சொல்லாத, ஆனால் ட்ரம்ப் மேல் நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர்களில் 16 சதவீதம் பேர் 2020க்குள் தங்களை அப்படிச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ட்ரம்பைப் பிடிக்காதவர்களில் அப்படி மாறியவர்கள் ஏறக்குறைய இல்லை. சபையிலிருந்து கட்சிக்குப் போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கட்சியிலிருந்து சபைப் பெயருக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் ஆள் போகிறது. பியூ கணக்குப்படி அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் 2007இல் 78 சதவீதம், 2023-24இல் 62 சதவீதம். எந்த மதமும் இல்லை என்பவர்கள் 16இலிருந்து 29 ஆனார்கள். சதர்ன் பாப்டிஸ்ட் உறுப்பினர் எண்ணிக்கை 2006இல் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது 1 கோடியே 30 லட்சத்துக்கும் கீழே. பெர்க்லி சமூகவியலாளர்கள் மைக்கேல் ஹவுட்டும் கிளாட் ஃபிஷரும் 2002இலேயே ஒரு கருத்தைச் சொன்னார்கள்: கிறிஸ்தவம் என்றாலே வலதுசாரி அரசியல் என்று ஆகிவிட்டதால், மிதமான விசுவாசமும் இடதுசாரிச் சாய்வும் கொண்டவர்கள் சபையோடு உறவில்லை என்று சொல்லத் தொடங்குகிறார்கள். முழு விளக்கம் இதுவாக இருக்க முடியாது. இப்படி ஓர் அரசியல் இயக்கமே இல்லாத ஐரோப்பிய நாடுகளிலும் ஆலயங்கள் காலியாயின. தவிர 2019க்குப் பிறகு அமெரிக்கச் சரிவு ஏறக்குறைய நின்றிருக்கிறது. அரசியல் சூடு தணியாமல் இருக்கும்போது சரிவு ஏன் நின்றது? ஹவுட்-ஃபிஷர் விளக்கத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்வது கடினம்.

2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் வழக்கில் ரோ தீர்ப்பு தூக்கியெறியப்பட்டது. ரோவை ரத்து செய்ய வாக்களித்த ஐந்து நீதிபதிகளில் நால்வர் கத்தோலிக்கர். ஐந்தாமவரான கோர்சச் கத்தோலிக்கராக வளர்ந்தவர். இவாஞ்சலிக்கல் வாக்குகளால் வந்த வெற்றியை எழுதிக்கொடுத்த கைகளில் ஓர் இவாஞ்சலிக்கல் கையும் இல்லை. 1960இல் கத்தோலிக்க ஜனாதிபதிக்குப் பயந்தவர்களின் பிள்ளைகள் இதைக் கொண்டாடினார்கள். அந்த ஆகஸ்டிலேயே கான்சாஸ் மக்கள், மாநிலச் சாசனத்திலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59-41 என்று நிராகரித்தார்கள். 2023இல் ஓஹையோவும் உரிமையின் பக்கம் நின்றது. இரண்டும் ட்ரம்புக்கு வாக்களித்த மாநிலங்கள்.

கட்சி இதைக் கவனித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், சோதனைக்கூடத்தில் உறைய வைத்த கருக்களும் பிள்ளைகளே என்று சொன்னது. இவாஞ்சலிக்கல்கள் நிறைந்த, குடியரசுக் கட்சி ஆளும் அந்த மாநிலத்தின் சட்டமன்றம் மூன்று வாரத்துக்குள் செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனைகளைக் காப்பாற்றச் சட்டம் இயற்றியது. ஜூனில் இண்டியானாபொலிஸில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு, கருக்கள் அழிக்கப்படும் செயற்கைக் கருத்தரிப்பு முறைகளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஜூலையில் குடியரசுக் கட்சி அறிக்கையிலிருந்து நாடு தழுவிய கருக்கலைப்புத் தடைக் கோரிக்கை காணாமல் போனது; செயற்கைக் கருத்தரிப்புக்கு ஆதரவு உள்ளே வந்தது. ஆகஸ்டில் ட்ரம்ப், அந்தச் சிகிச்சைச் செலவை அரசோ காப்பீடோ ஏற்கும் என்று வாக்களித்தார். நவம்பரில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பத்தில் எட்டுப் பேர், முந்தின இரண்டு தேர்தல்களில் போலவே, அவருக்கே வாக்களித்தார்கள்.